புழுவுக்குக் காய்ச்சல் கொடுத்த டாக்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர்களே, எங்கள் டாக்டரம்மாவோடு ஒரே கூரையின் கீழ் உழைத்த ஆய்வுக்கூடத் தோழர்களே, தக்காளித் தோட்டத்தை ஒரு பொழுது மறந்துவிட்டு வந்திருக்கும் விவசாயிகள் சங்கத்துப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய கணவரே, மகளே, இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்பவர்களுக்குக் கூடுதலாக இன்னொரு வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்போடு காலம் தள்ளியவன் நான். வெளிச்சத்தில் நின்று பேசச் சொன்னால் கண் கூசுகிறது. இருந்தும் ஏன் ஒப்புக்கொண்டேன்? நேற்று டாக்டரம்மாவின் மகள் போன் செய்தாள். "மாமா, எல்லாரும் அழுதுட்டே பேசப் போறாங்க. நீங்களாவது அம்மா சிரிக்கிற மாதிரி பேசுங்க" என்றாள். அதற்குப் பிறகு மறுக்க முடியுமா?

நம் ஊழியர் பதிவேட்டில் அவருக்கு நீளமான பதவிப் பெயர் இருந்தது. பூச்சி நோயியல் துறையின் முதுநிலை விஞ்ஞானி. அந்தப் பெயரில் அவரை யாராவது கூப்பிட்டு நான் கேட்டதில்லை. விவசாயிகள் வைத்த பெயர்தான் நிலைத்தது. காய்ச்சல் டாக்டர்! உலகத்தில் மற்ற டாக்டர்கள் எல்லாம் காய்ச்சலைப் போக்குகிறவர்கள். இவர் ஒருவர்தான் காய்ச்சல் கொடுக்கிறவர். அதுவும் பார்த்துப் பார்த்து, பதம் பார்த்து, பயிரைத் தின்னும் புழுவுக்கு மட்டும் கொடுக்கிறவர். இந்தப் பெயரை நம்பி ஒருமுறை ஒரு பெரியவர் நிஜக் காய்ச்சலோடு வந்து அவர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா அவரைத் திருப்பி அனுப்பவில்லை. தன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். போகும் வழியெல்லாம் புழுவின் வயிற்றைப் பற்றி வகுப்பெடுத்திருக்கிறார். இறங்கும்போது பாதிக் காய்ச்சல் போய்விட்டதாகப் பெரியவர் சொன்னார். பயத்தில் போயிருக்கும் என்பது என் கருத்து.

அந்த வகுப்பை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த வைரஸ் தனியாகத் திரிவதில்லை. சர்க்கரைக் கல் போன்ற ஒரு பொடிப் படிகத்துக்குள் குச்சி குச்சியாக அடைந்து கிடக்கும். மண்ணிலும் இலையிலும் அந்தப் படிகம் சும்மா காத்திருக்கும். புழு இலையோடு சேர்த்து அதை விழுங்கினால் புழுவின் வயிற்றில் உள்ள காரத்தில் படிகம் கரையும், குச்சிகள் வெளியே வரும், வேலையைத் தொடங்கும். சில நாளில் புழு செடியின் உச்சிக்கு ஏறும், தலைகீழாகத் தொங்கும், உள்ளே கூழாகி வெடிக்கும். அந்தக் கூழ் கீழே உள்ள இலைகளில் சொட்டும். அதைத் தின்னும் அடுத்த புழுவுக்கும் அதே கதி. "வீட்டைக் கட்டிப் பூட்டிட்டு உள்ளே உக்காந்திருக்கு. சாவி அந்தப் புழுவோட வயித்துல மட்டும்தான் இருக்கு" என்பார். மனிதருக்கு ஒன்றும் ஆகாதா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள் என்று ஒருவர் சவாலும் விட்டார். டாக்டரம்மா குடிக்கவில்லை. நான் குடித்துப் பிழைத்தால் அது எப்படிச் சோதனை ஆகும், நான் இந்த ஆபீஸ் கேன்டீன் சாப்பாட்டையே ஜீரணித்தவள், என் வயிற்றை வைத்து உங்கள் பிள்ளைகள் வயிற்றை எடை போடாதீர்கள் என்றார். பிறகு எலியிலிருந்து மீன் வரை நடந்த சோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்.

கேன்டீன் என்றதும் ஞாபகம் வருகிறது. செத்த புழுவின் வாடை எப்படி இருக்கும் என்று நம் ஆட்களுக்குத் தெரியும். டாக்டரம்மா லிஃப்டில் ஏறினால் மற்றவர்களுக்குத் திடீரென்று மாடிப்படி ஏறும் ஆசை வந்துவிடும். கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் மேசை முழுக்க அவருக்குத்தான். அதை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். அந்த மேசையில் அவரோடு கடைசிவரை உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், மருந்து வாடையில் ஊறிப்போன எனக்கு மூக்கு வேலை செய்யாது. இன்னொருவர், மதியச் சாப்பாடு கொண்டுவரும் அவருடைய கணவர், எங்கள் டெய்லர் அண்ணன். அவருக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்யும். இருந்தும் உட்கார்ந்தார். அன்பு என்றால் வேறென்ன?

புழுக் கூழை வடிகட்டத் துணிப் பை தைத்துக் கொடுத்ததும் அவர்தான். அளவு என்ன என்று கேட்டதற்கு, புழுவோட தோல் உள்ளே நிக்கணும், நோய் மட்டும் வெளியே வரணும் என்றாராம் மனைவி. எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கிறேன், நோய்க்கு அளவெடுத்தது அன்றைக்குத்தான் என்று அண்ணன் இன்றும் சொல்வார்.

அன்பர்களே, சிரித்தது போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது சொல்லப்போகும் சம்பவம் நடந்தபோது எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

காய்ப்புழு தக்காளியைச் சூறையாடிய ஆண்டு அது. எந்த மருந்து அடித்தாலும் புழு சாகவில்லை. குளித்துவிட்டு வந்ததுபோல் தெளிவாகத் தின்றது. சங்கத்துக்காரர்கள் கூடிப் பேசி, இந்தமுறை விஷ மருந்தே வேண்டாம், காய்ச்சல் டாக்டரின் வைரஸைத் தெளிப்போம் என்று முடிவெடுத்தார்கள். ஒரு ஊரே ஒரு பெண்மணியின் வார்த்தையை நம்பியது. அதற்காக டாக்டரம்மா பல மாதம் புழு வளர்த்தார், நோய் ஏற்றினார், அரைத்தார், வடித்தார். குளிர் அறையில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் படிகங்கள் ஜொலித்தன. வண்டியும் ஏற்பாடாகிவிட்டது.

என் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் அதுவரை பழுதாகிக் கிடந்தது. பாட்டில்கள் கிளம்ப இருந்த வாரத்தில்தான் உயிர் பெற்றது. டாக்டரம்மா உற்சாகமாகக் கீழே இறங்கி வந்தார். சோதனைக்காக வரவில்லை. விவசாயிகளுக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் போட ஒரு படம் வேண்டும் என்று வந்தார். என்னை அவர் படக்காரரே என்றுதான் அழைப்பார். நம்ம ஆளை நல்லா சிரிச்ச முகமா ஒரு படம் எடுங்க படக்காரரே என்றார்.

பதப்படுத்தி, பிசினில் இறுக்கி, கண்ணாடிக் கத்தியால் மூச்சுவிட்டால் பறந்துவிடும் சீவலாகச் சீவி உள்ளே வைத்தேன். பச்சைத் திரையில் படிகம் தெரிந்தது. ஆனால் அதற்குள் குச்சிகள் இல்லை. உருண்டைகள் இருந்தன. அடுத்த படிகத்துக்கு நகர்த்தினேன். உருண்டைகள். அதற்கடுத்ததிலும் உருண்டைகள். நான் எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம ஆள் இல்லை" என்றார்.

வெளியே அதே சர்க்கரைக் கல். உள்ளே வேறொரு வைரஸ். அதுவும் புழுவின் நோய்தான். ஆனால் சோம்பேறி நோய். புழுவைக் கொல்லாது, மெலிய வைக்கும், அவ்வளவுதான். மெலிந்த புழு அறுவடை முடியும்வரை உட்கார்ந்து தின்னும். எங்கள் வளர்ப்பு அறைக்குள் எப்படியோ புகுந்து, வெளியே தெரியாமல் பெருகி, உரியவனை விரட்டிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு பாட்டில்களிலும் பார்த்தோம். ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான்.

"ஊருக்கே காய்ச்சல் கொடுக்கறேன்னு சொல்லிட்டு, பாட்டில்ல சளியைப் பிடிச்சு வச்சிருக்கேன் படக்காரரே" என்றார் அவர். சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் குரல் அப்படியில்லை.

அன்றைய இயக்குநர் கெட்டவர் அல்ல. அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். எப்படியும் இதனால் யாருக்கும் கெடுதல் இல்லையே, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தேறியாயிற்றே, இந்த ஆண்டு அனுப்பிவிட்டு அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாமே என்று கேட்டார். பலனில்லை என்றால் வானிலையின் மேல் பழியைப் போடலாம் என்றும் மெதுவாகச் சொன்னார். டாக்டரம்மா உட்காராமலே பதில் சொன்னார்.

"தெரியாம அனுப்பியிருந்தா அது தப்பு சார். தெரிஞ்சு அனுப்பினா அதுக்கு வேற பேரு."

அன்று மதியமே வளர்ப்பு அறையில் இருந்த எல்லாவற்றையும், பல மாத உழைப்பை, முட்டையிலிருந்து புழு வரை, அவரே கொதிகலனில் போட்டு அழித்தார். தட்டுகளைக் கழுவினார், சுவரைக் கழுவினார்.

மறுநாள் காலை, பாட்டில்களுக்காகச் சொல்லி வைத்திருந்த அதே வண்டியில் வெறுங்கையோடு ஊருக்குக் கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். பார்த்தால் டெய்லர் அண்ணனும் கடையை அடைத்துவிட்டு வந்து நிற்கிறார், கழுத்தில் அளவு நாடாவோடு. எதற்கு என்று கேட்டேன். அடி விழுந்தால் தூக்கிக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டாமா என்றார்.

பெட்டிகள் அடுக்கும் கொட்டகையில் சங்கத்தார் கூடியிருந்தார்கள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. பாட்டிலில் இருந்தது என் வைரஸ் இல்லை, நான் முன்பே உள்ளே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, அதனால் கொண்டுவரவில்லை என்றார். கொட்டகை கொதித்தது. இந்த மண்டபத்தில் இருக்கும் சிலர் அன்று என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. காய் பிடிக்கும் நேரம், புழு இலைக்கு இலை. வேறு மருந்தும் வாங்கி வைக்கவில்லை. டாக்டரம்மா எல்லாவற்றையும் நின்றபடி கேட்டுக்கொண்டார்.

கடைசியில் சங்கத் தலைவி அக்கா, இதோ மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார், எழுந்து கேட்டார்: "பாட்டில் இல்லைன்னா எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க? போன்ல சொல்லியிருக்கலாமே?"

"போன்ல சொன்னா நீங்க திட்டறது எனக்குச் சரியா கேக்காதுங்க" என்றார் டாக்டரம்மா.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்று நினைத்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. கோபம் போகவில்லை, ஆனால் உட்கார இடம் கொடுத்தது. வந்தது வந்தீர்கள், தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார் தலைவி.

பார்க்கத்தானே பிறந்தவர் டாக்டரம்மா! வரப்பு வரப்பாக நடந்தார். ஒவ்வொரு செடியாகக் குனிந்தார். நாங்கள் எல்லோரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போலப் பின்னால் நடந்தோம். வாய்க்காலை ஒட்டிய மூலையில் அவர் நின்றார். அசையவில்லை. பாம்போ என்று நினைத்து நான் ஒரு அடி பின்வாங்கினேன்.

"மாப்பிள்ளை இங்கே தொங்கறார்" என்றார், மிக மெதுவாக.

செடியின் உச்சியில், ஒரு புழு. தலைகீழாக. உப்பி, பளபளத்து, தொட்டால் உடையும் நிலையில். பக்கத்துச் செடியில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னொன்று. அட, இதுவா, இந்த மூலையில் இப்படிச் சிலது தொங்கும், வெயில் தாங்காமல் செத்திருக்கும் என்று நினைத்தோம் என்றார்கள் விவசாயிகள். நாங்கள் மாதக்கணக்கில் அறைக்குள் வளர்த்துத் தொலைத்தது, அவர்கள் தோட்டத்திலேயே, யாரும் கூப்பிடாமல், யாருக்கும் தெரியாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் உடனே அரைத்துத் தெளிக்கலாமே என்றார்கள். நியாயமான அவசரம். அந்த இடத்தில் நானாக இருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். வெறுங்கையோடு வந்து, திட்டு வாங்கி, இப்போது கையில் ஒரு வழி கிடைத்திருக்கிறது. யாருக்குத்தான் மனம் வராது? அவர் மறுத்தார்.

"நேத்து வரைக்கும் நானும் வெளியே பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னேன். இன்னிக்கு உள்ளே பாத்துட்டுச் சொல்றேன்."

இதைக் கேட்டதும் தலைவி அக்கா, அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது என்று நானும் வந்து பார்க்கிறேன் என்று வண்டியில் ஏறிவிட்டார். புழுக்களை ஒரு டிபன் பாக்ஸில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு வந்தார். பழம் வாங்கிப் போகிறீர்களா என்று வழியில் டீக்கடையில் ஒருவர் கேட்க, திறந்து காட்டினார். அந்தக் கடையில் அப்புறம் எங்களுக்கு டீ கிடைக்கவில்லை.

கீழ்த்தள அறையில் டாக்டரம்மா அந்தக் கூழிலிருந்து படிகங்களைப் பிரித்தார். சலவைச் சோடாக் கரைசலில் கரைத்தார். புழுவின் வயிறு செய்யும் வேலையைக் கண்ணாடிக் குழாய் செய்தது. ஒரு துளியைச் சாயமேற்றி என்னிடம் கொடுத்தார். நான் உள்ளே வைத்து, விளக்கை அணைத்து, திரையைக் கூர்மையாக்கினேன்.

குச்சிகள். திரை முழுக்கக் குச்சிகள்!

டாக்டரம்மா எழுந்து, தலைவி அக்காவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இவ்வளவுதானா? சீரகம் மாதிரி இருக்கு" என்றார்.

டாக்டரம்மா அப்போதுதான் சிரித்தார். கீழ்த்தளம் முழுக்கக் கேட்கும் சிரிப்பு. நம் ஆய்வுக்கூடத்தில் இன்று அந்த வைரஸுக்கு எல்லோரும் சீரகம் என்றே பெயர் சொல்கிறோம். வெளியூரிலிருந்து வரும் பெரிய விஞ்ஞானிகள், சீரகம் எத்தனை பாட்டில் தயார் என்று நாங்கள் பேசுவதைக் கேட்டு விழிப்பார்கள். காரணம் இதுதான்.

மறுநாள் செய்தியோடு அதே வண்டியில் திரும்பினோம்; ஊரே செடி உச்சிகளைத் தேடியது. தொங்கும் புழுக்களைச் சேகரித்தார்கள், தண்ணீரில் ஊற வைத்து அரைத்தார்கள். வடிகட்டத் துணி? யாரும் கொண்டுவரவில்லை. டெய்லர் அண்ணன் வண்டியை ஒரு பார்வை பார்த்தார், ஜன்னல் திரையைக் கழற்றினார், சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார், இரட்டை மடிப்பாகப் பை தைத்துவிட்டார். திரை எங்கே போனது என்று அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள். ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். அது பொய்யில்லை.

வெயிலில் வைரஸ் செத்துவிடும் என்பதால் வெயில் தாழ்ந்ததும், சர்க்கரைப்பாகு கலந்து தெளித்தோம். அப்புறம்தான் சோதனை. விஷம் அடித்தால் மறுநாளே புழு விழும். இதற்குப் பொறுமை வேண்டும். புழு நோயை வைத்துக்கொண்டே தின்றது. ஒரு வாரம் வரை ஆகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்; சொல்வது வேறு, தினமும் போய் அந்தச் செடிகளைப் பார்ப்பது வேறு. அவர் லீவு போட்டுவிட்டுத் தலைவி அக்கா வீட்டிலேயே தங்கினார். தட்டில் வைத்ததைத் தொடவில்லையாம். புழுவே இவ்வளவு தின்னுது, நீங்க ஒரு வாய் தின்னா என்ன என்று அக்கா அதட்டியிருக்கிறார்.

ஒரு காலை அக்கா எனக்குப் போன் செய்தார். "படக்காரரே, ஊரே தலைகீழா தொங்குது" என்றார். பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, புழுவைச் சொல்கிறார் என்று.

எல்லாத் தோட்டமும் பிழைத்தது என்று சொன்னால் டாக்டரம்மாவுக்குப் பிடிக்காது. மேட்டுப் பக்கத் தோட்டங்களுக்குக் கரைசல் போதவில்லை; அங்கே பயிர் போனது. அவர் அந்தக் குடும்பங்களைத் தனித்தனியாகப் போய்ப் பார்த்தார். மீதி ஊர் தக்காளி பறித்தது. அன்று கொட்டகையில் மிகக் காரமாகப் பேசிய ஒருவர், அடுத்த பருவத்தில் வந்து, அந்த ஜன்னல் திரை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அதைவிடப் பெரிய விருது டாக்டரம்மாவுக்கு யார் கொடுத்தார்கள்?

டாக்டரம்மா ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தார். சென்ற ஆண்டு அவருக்கே காய்ச்சல் வந்து மருத்துவமனையில் படுத்தார். வைரல் ஃபீவர் என்றார் அங்கிருந்த டாக்டர். எந்த வைரஸ், பார்த்தீர்களா, இல்லை சும்மா சொல்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார் இவர். அந்த டாக்டர் பாவம், அடுத்த நாள் படித்துவிட்டு வந்தாராம். டாக்டரம்மா அதிலிருந்து தேறினார். சென்ற மாதம் இதயம்தான் நின்றது, கணவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, வலியில்லாமல். இதைச் சொல்லாமல் விட முடியவில்லை, மகள் மன்னிக்க வேண்டும். சிரிக்க வைக்கத்தான் கூப்பிட்டாள். என்னால் முடிந்தவரை செய்தேன்.

இயக்குநர் அவர்களே, உங்கள் முன்னிலையில், நம் ஆய்வுக்கூடத்தின் சார்பில் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மறுக்க நினைத்தால் இப்போதே கை தூக்குங்கள். நல்லது, யாரும் தூக்கவில்லை. இந்தக் கட்டடத்திலிருந்து ஒரு பாட்டில்கூட உள்ளே பார்க்காமல் வெளியே போகாது. அவசரம் என்றாலும் போகாது, மேலிடம் சொன்னாலும் போகாது, மைக்ரோஸ்கோப் பழுதென்றால் அது சரியாகும்வரை போகாது. தவறு கண்டால் போனில் சொல்ல மாட்டோம். வண்டி ஏறி நேரில் வந்து சொல்வோம், திட்டுங்கள். நான் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். எனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருகிறவரிடமும் முதல் நாளே இதைச் சொல்லி ஒப்படைப்பேன்.

இதுபோன்ற கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு நிமிடம் கண்மூடி மௌனம் காப்பது முறை. குடும்பத்தாரின் அனுமதியோடு அந்த முறையை இன்று கொஞ்சம் மாற்றுகிறோம். பக்கத்து அறையில் மைக்ரோஸ்கோப்புகளை வரிசையாக வைத்திருக்கிறேன். இன்று காலை எடுத்த துளிதான் கண்ணாடியில் இருக்கிறது, சீரகம் அடைந்து கிடக்கும் படிகங்களோடு. தள்ளாமல், ஒவ்வொருவராக வந்து, ஆளுக்கு ஒரு நிமிடம், கண்ணைத் திறந்து வைத்துப் பாருங்கள்.